பூசணத்திலிருந்து மருந்து

பழைய ரொட்டியில் பச்சையாகப் படரும் பூசணத்தை நாம் முகஞ்சுளித்து எறிந்துவிடுகிறோம். அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று, தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழித்திருப்பதை 1928-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். இக்கதையை மாணவ நேயர்கள் பாடநூல்களிலேயே படித்திருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது அதற்குப் பின் நடந்தது. ஒன்றைக் காண்பது வேறு. அதை மருந்தாக்கிப் புட்டியில் அடைப்பது வேறு. இவற்றுக்கிடையே 12 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

1939-இல் ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் என்னும் இருவர் இப்பணியை மேற்கொண்டனர். எனினும், நான் பெரிதும் போற்றுவது அவர்களுடன் உழைத்த நார்மன் ஹீட்லியையே. பூசணத்துக்குக் காற்று இன்றியமையாதது. ஆகவே, சர்க்கரையும் உப்புக்களும் கலந்த நீரை ஆழமற்ற கலங்களில் ஊற்றி, அதன்மேல் பூசணத்தைப் பாலாடைபோலப் படரவிட்டனர். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகள் மலங்கழிக்கும் பாத்திரங்கள்கூட இதற்குப் பயன்பட்டன! பெனிசிலின் அடியிலுள்ள நீரில் கசிந்து சேரும். ஆனால், அதன் அளவோ அற்பம், சூடுபட்டாலோ சிதைந்துவிடும். எனவே காய்ச்சி வற்றவைக்க வழியில்லை.

அந்நீரைக் குளிரவைத்து அமிலம் சேர்த்தால், பெனிசிலின் நீரைவிட்டு ஈதர் போன்ற கரைப்பானுக்குத் தாவும். மாசுகளிற் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். அதன்பின் அமிலத்தன்மை நீங்கிய புதிய நீருடன் அந்த ஈதரைக் குலுக்கினால், பெனிசிலின் மீண்டும் நீருக்கே திரும்பும் என்பது ஹீட்லியின் யோசனை. எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள்! அந்நீரை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, தூளைப் பெற்றனர்.

1941 பிப்ரவரியில், முகமெங்கும் சீழ்பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த காவலர் ஒருவருக்கு அம்மருந்தை ஊசிமூலம் செலுத்தினர். காய்ச்சல் தணிந்தது, உணவும் உட்கொண்டார். ஆனால், கையிருப்பு ஐந்தே நாட்களில் தீர்ந்தது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினையும் பிரித்தெடுத்து மறுபடி செலுத்திப் பார்த்தனர். அதுவும் போதவில்லை, மார்ச் மாதம் அவர் இறந்தார். மருந்து பயன்படாமல் அவர் இறக்கவில்லை; மருந்து இல்லாமல் இறந்தார்.

அவ்வாண்டே புளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குச் சென்றனர். பியோரியா நகரின் வேளாண்மை ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச்சு எடுக்கும்போது மிஞ்சும் ஊறல்நீரைச் சேர்த்தவுடன் விளைவு பன்மடங்கு பெருகியது. ஆழமான தொட்டிகளில், நுண்ணுயிர் நீக்கிய காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே வளர்க்கும் முறையும் உருவாயிற்று. 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படையினருக்கு வேண்டிய பெனிசிலின் கிடைத்தது.

1943-இல் பியோரியாவில் ஓர் அழுகிய முலாம்பழத்தில் மேலும் வளமான பூசணம் ஒன்று அகப்பட்டது. எக்ஸ் கதிர்களாலும் புற ஊதாக் கதிர்களாலும் மாற்றப்பெற்ற அதன் வழித்தோன்றல்களே இன்றும் மருந்துத் தொழிற்சாலைகளின் தொட்டிகளில் வளர்கின்றன.