நாயின் காலுக்கும் வைத்தியம் உண்டு

நாய் நன்றி உள்ள பிராணி. இரவில் வீட்டைக் காக்கும். குழந்தைகளோடு விளையாடும். அந்த நாய் ஒரு நாள் ரோட்டைக் கடக்கிறது. வண்டி மோதி விடுகிறது. உயிர் போகவில்லை. ஆனால் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்து விட்டன. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக் கொண்டு வருகிறது.

"இது இனி தேறாது" என்று சிலர் சொல்வார்கள். ஊருக்கு வெளியே விட்டு விடுவதும் உண்டு. அப்படி விட வேண்டியதில்லை. பல நாய்களை மறுபடி நடக்க வைக்கலாம். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியம் ஒரு தொழிலாகவும் வளர்ந்து வருகிறது.

பிசியோதெரபி என்றால் என்ன?

கோலார் தங்கவயல் மக்களுக்கு அடிபட்ட உடம்பைப் பற்றி நன்றாகத் தெரியும். இங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கம் எடுத்தார்கள். சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். பாறை சரிந்து கை கால் முறிந்தவர்கள் பலர்.

முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிறார்கள். சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்க்கிறார்கள். எலும்பு சேர்ந்திருக்கும். ஆனால் கை மடங்காது. சதை மெலிந்து போயிருக்கும். தினமும் மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். அப்போதுதான் கை வேலைக்கு உதவும். இப்படி மருந்தோடு பயிற்சியும் கொடுத்துக் குணமாக்குவதே பிசியோதெரபி.

நாயின் உடம்பும் இப்படித்தான். கால் அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும். சதை வற்றும். அசைத்துக் கொடுத்தால் பலம் திரும்பும். எல்லா நாய்க்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதுகுத் தண்டு முழுவதும் அறுந்து போனால் நடப்பது கடினம். அந்த நாய்க்கும் வலியைக் குறைக்கலாம். பின்பக்கம் சக்கர வண்டி கட்டி நடமாட வைக்கலாம்.

தண்ணீர் எப்படி உதவுகிறது?

கிணற்றில் குடத்தை இறக்கி நீர் மொள்ளுங்கள். குடம் நீருக்குள் இருக்கும் வரை கனம் தெரியாது. நீரை விட்டு மேலே வந்ததும் கை கனக்கும். தண்ணீர் பொருளை மேலே தாங்குகிறது. அதுதான் காரணம்.

நாயை இடுப்பு உயரத் தண்ணீரில் நிறுத்தினால் என்ன ஆகும்? அதன் எடையில் 100-க்கு 38 பங்குதான் கால்களில் இறங்கும். 10 கிலோ நாய் 4 கிலோவுக்கும் குறைவான சுமையையே தாங்கும். தரையில் நிற்க முடியாத நாய் தண்ணீரில் நிற்கும். அடியும் எடுத்து வைக்கும்.

இதற்கென்று கண்ணாடித் தொட்டி இருக்கிறது. தொட்டியின் அடியில் பட்டை மெல்ல ஓடும். வெதுவெதுப்பான நீர் நிரப்புவார்கள். நாய் அதில் நடக்கும். இதுவே நீர்ச் சிகிச்சை. ஆறாத புண், காய்ச்சல், இதயநோய் உள்ள நாயை டாக்டரைக் கேட்காமல் நீரில் இறக்கக் கூடாது. குளத்திலோ கிணற்றிலோ தூக்கிப் போடுவது வைத்தியம் அல்ல. அது நாயின் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு முறிந்திருந்தால் அசைக்கவே கூடாது. டாக்டர் சொன்ன பிறகு இவற்றைச் செய்யலாம்:

1. மெத்தென்ற சாக்கில் படுக்க வைக்கவும். சில மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

2. காலை மெதுவாக மடக்கி நீட்டவும். வலித்தால் நாய் தலையைத் திருப்பும். முனகும். உடனே நிறுத்தவும்.

3. அகலமான துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கவும். சிறிது நேரம் நிற்கப் பழக்கவும்.

4. மனிதருக்குத் தரும் வலி மாத்திரையை நாய்க்குத் தர வேண்டாம். அது நாய்க்கு விஷமாகலாம்.

எச்சரிக்கை

அடிபடாமலே நாயின் கால்கள் விழுந்தால் கவனம் தேவை. வாயில் எச்சில் வடிகிறதா? தண்ணீரை விழுங்க முடியவில்லையா? அது வெறிநோயாக இருக்கலாம். தொட வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லவும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் வந்த பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

இது ஒரு தொழில்

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பல குடும்பங்கள் பிழைப்புக்கு வழி தேடின. இன்றும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெங்களூரில் நாய் வளர்ப்போர் பெருகி விட்டார்கள். நாய்களுக்கான மருத்துவமனைகளும் பெருகி விட்டன. அங்கே பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

என்ன படிக்க வேண்டும்? நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் கால்நடை டாக்டர். அதற்கு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பெங்களூர் ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. அது 1958-இல் தொடங்கியது. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. பத்தாவது முடித்தவர்களுக்குக் கால்நடை பராமரிப்பு டிப்ளமா உண்டு. டாக்டரின் கீழ் உதவியாளராகச் சேர்ந்தும் வேலை பழகலாம்.

பிரிட்டனில் மனிதருக்கான பிசியோதெரபி படித்தவர்கள் மேற்கொண்டு படித்து விலங்குகளுக்கும் செய்கிறார்கள். 1985-இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கேயும் கால்நடை டாக்டரைக் கலந்துதான் வேலை செய்ய வேண்டும்.

கற்றவர் கற்பிக்க வேண்டும்

இந்த வேலையைப் புத்தகம் படித்து மட்டும் கற்க முடியாது. எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்தலாம் என்பது கைக்குத் தெரிய வேண்டும். அனுபவசாலி பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். அதனால் கற்றுக் கொடுப்பவர்களும் தேவை. அறிவொளியில் ஒருவர் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதே போல ஒரு நல்ல பயிற்சியாளர் பத்துப் பேரை உருவாக்கலாம். அந்தப் பத்துப் பேரின் கையில் எத்தனையோ நாய்கள் எழுந்து நிற்கும்.

பணம் கட்டினால் சில நாளில் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. ஏமாற வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லித் தருபவர் கால்நடை டாக்டரா? நாயை வைத்துக் கையால் பழக விடுவார்களா? முன்பு படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? சரியான பதில் கிடைத்த பிறகே பணம் கட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. தண்ணீரில் நாயின் எடை ஏன் குறைவாகத் தெரிகிறது?
2. எந்த நாயைத் தொடக் கூடாது?
3. நம் ஊரில் அருகில் உள்ள கால்நடை மருத்துவமனை எது? அது எந்த நேரம் திறந்திருக்கும்? கேட்டு எழுதி வையுங்கள்.