1,000 பிள்ளைகளில் மிஞ்சியது 65 பேர்!
"டான்சில்" ஆபரேஷன்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திட்டக்குடி,-

"புள்ளைக்குத் தொண்டையில சதை வளர்ந்திருக்கு. அறுத்து எடுத்தாத்தான் சரியாகுமாம்!"

திட்டக்குடியில் இருந்து விருத்தாசலத்துக்கும் பெரம்பலூருக்கும் பிள்ளையோடு பஸ் ஏறும் தாய்மார்களின் கவலை இது.

அறுக்கத்தான் வேண்டுமா?

உள்நாக்கு அல்ல

வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரு பக்கமும் கொட்டைப்பாக்கு போல இருப்பவைதான் டான்சில். ஊரில் இரண்டையும் ஒன்றாக்கி, "உள்நாக்கு வளந்துடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது புதிதாக முளைத்த சதை அல்ல. எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. பள்ளிக்கூடம் சேரும் வயதில் பெரிதாகத் தெரியும். பிறகு தானே சுருங்கும். பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டியது இல்லை.

நியூயார்க் கூத்து

இதில் டாக்டர்களே குழம்பிய கதை உண்டு. நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரைச் சோதித்தார்கள். 1934-ல் வெளியான கணக்கு இது.

611 பேருக்கு ஏற்கனவே ஆபரேஷன் முடிந்திருந்தது. மீதி 389 பேரைப் பார்த்த டாக்டர்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றனர்.

"தேவை இல்லை" என்று விடப்பட்ட 215 பேரையும் வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்! மிஞ்சிய 116 பேர் மூன்றாவது முறை போனார்கள். அதிலும் 51 பேருக்கு ஆபரேஷன் என்று சொல்லப்பட்டது.

கடைசியில் தப்பியது 65 பேர்தான்.

எத்தனை தடவை?

இப்போது கணக்கு இருக்கிறது. ஒரு வருடத்தில் 7 தடவை கடுமையான தொண்டைப் புண், அல்லது 2 வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது 3 வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் டாக்டர்கள் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் வைத்த அளவு இது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

குறட்டை விடும் பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அது தனி விஷயம். உடனே காட்ட வேண்டும்.

ஆபரேஷன் வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. சுண்ணாம்பும் தேனும் தடவிவிட்டு சும்மா இருந்தால், சில கிருமிகளால் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெடும். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

6-ம் நாள் ஆபத்து

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொண்டையில் வெள்ளையாகத் தெரியும். சீழ் அல்ல, புண்ணின் பொருக்கு. 5 முதல் 10 நாளுக்குள் அது உதிரும். அப்போதுதான் ரத்தம் வரும் பயம். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத கிராமத்துக்காரர்கள் இந்த நாட்களில் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும்.

தூங்கும் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கினால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஐஸ்கிரீம்? தாராளமாகக் கொடுக்கலாம். முறுக்கைத்தான் 2 வாரத்துக்குக் கண்ணில் காட்டாதீர்கள்!