குறட்டை சிரிப்பதற்கு உரியதா?

குறட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவன் கும்பகருணன். பள்ளி நாடகத்தில் அவன் வேடம் கட்டியவன் வாயைத் திறந்து ஓசை எழுப்பினால் போதும், அவை குலுங்கச் சிரிக்கும். எங்கள் வீட்டிலும் ஈராண்டுகளுக்கு முன்புவரை அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். என் தந்தையார் லாரி ஓட்டுநர். அவர் வீட்டில் உறங்கும் இரவுகளில் அடுத்த தெருவுக்கும் கேட்கும் என்பார் என் தாயார்.

ஒரு தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் படித்துக்கொண்டிருந்தேன். குறட்டை திடீரென நின்றது. மார்பும் வயிறும் ஏறி இறங்கத் தவித்தனவே தவிர, மூச்சு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், 25 நொடிகள்! பிறகு ஒரு பெருந்திணறல், மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டபோது, "நல்லாத்தானேடா தூங்கினேன்" என்றார். ஆனால் பகலில் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். அந்த மாதமே அவர் வண்டி நெடுஞ்சாலையை விட்டிறங்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் மது அருந்துபவர் அல்லர்.

விலங்கியல் மாணவனாகிய எனக்கு அப்போதுதான் ஆர்வமும் அச்சமும் சேர்ந்து பிறந்தன. நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்சரிகிறது. குறுகிய வழியில் காற்று விரைகையில் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. இதுவே குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டுக் குறைந்தது 10 நொடிகள் காற்றோட்டம் நின்றுபோனால் அதனை ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை என்கின்றனர். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை விழித்துத் தசைகளை இறுக்கி மூச்சை மீட்கிறது. உறங்குபவர் இதை அறியார், உடனிருப்பவரே சாட்சி. மணிக்கு 5 முறைக்குமேல் நிகழ்ந்தால் நோய்; 30ஐக் கடந்தால் கடுமை. மருத்துவமனையில் தலையிலும் மார்பிலும் கம்பிகள் பொருத்தி ஓர் இரவு முழுதும் சோதித்ததில் தந்தையாருக்கு 42 என்று வந்தது! நாள்பட்டால் இரத்த அழுத்தம் உயரும், இதயமும் தாக்குறும் என்றார் மருத்துவர்.

குறட்டை விடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். பருத்தவர்க்கே வரும் என்பதும் தவறு. கீழ்த்தாடை உள்வாங்கிய ஒல்லியானவர்க்கும் வரும். குழந்தைகளுக்கு டான்சில் வீக்கமே பெரும்பாலும் காரணம். அறுவையால் பலருக்குக் குணமாகிறது.

சிலருக்கு மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தாலே குறையும். சட்டையின் முதுகுப்புறத்தில் பந்தைத் தைத்துக்கொள்வோரும் உண்டு! எடை குறைப்பது நல்ல பயன் தரும். மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்துவதால் கேடு. கீழ்த்தாடையை முன்னிழுத்து நிறுத்தும் பற்கவசம் மிதமான நோய்க்கு உதவும்.

கடும் நோய்க்கு ஒரு காலத்தில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே வழியாக இருந்தது. இதை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர் மருத்துவர் காலின் சல்லிவன். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சாமல் ஊதச் செய்து, மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தினார். 1981ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். சீ-பேப் எனப்படும் கருவி அதன் வழிவந்ததே. பலரும் எண்ணுவதுபோல் அது ஆக்சிஜன் தருவதன்று. அறைக் காற்றைத்தான் தருகிறது. சரியும் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல், அந்தக் காற்றழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. நோயை வேரறுப்பதில்லை, அணியும் இரவுகளில் மட்டும் காக்கும்.

கருவியின் விலை தந்தையாரின் இரண்டு மாத வருமானத்தை விழுங்கிற்று. முகக்கவசத்தை அணிய முதல் வாரம் வெட்கப்பட்டார். இரண்டுமுறை கழற்றி எறிந்தார். மூன்றாம் வாரம், "இப்பத்தாண்டா விடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். இப்போது லாரியிலும் அது உடன் செல்கிறது. மின்சாரம் தடைப்படும் இரவுகளில் மட்டும் பழைய குறட்டை எழும். எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. நான் எழுந்து சென்று அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மின்சாரம் வரும்வரை அருகிலேயே அமர்ந்திருப்பேன்.