அம்மம்மாவின் கைக்கணக்கும் பேரப்பிள்ளையின் அளவுக் கிண்ணமும்

டிசெம்பர் மாதம் பிறந்துவிட்டால் எமது தாயகத்தில் வானம் இருளும். வாடைக் காற்று வீசும். மாரிமழை முற்றத்தை நிறைக்கும். இங்கோ அதே மாதத்தில் வெயில் கொளுத்துகிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆயினும், செவன் ஹில்ஸ், ரூங்காபி, பென்டில் ஹில் ஆகிய இடங்களில் வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றில் அந்த வெயிலையும் பொருட்படுத்தாமல் நத்தார் கேக் வேகின்றது. குசினிக்குள் நிற்பவர்கள் பெரும்பாலும் இருவர்: அளவு தெரிந்த அம்மம்மா ஒருவர், அளவுக் கிண்ணம் ஏந்திய பேரப்பிள்ளை ஒருவர். இவ்விருவருக்கும் இடையே கைமாறுவது வெறும் இனிப்புப் பண்டம்தானா என்பதை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும் என விரும்புகின்றோம்.

போறணை வந்த கதை

எமது பலகாரங்களில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரிப்பவை அல்லது ஆவியில் அவிப்பவை. பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, பனங்காய்ப் பணியாரம் ஆகியவை எண்ணெய்த் தாச்சிக்கு உரியவை. கொழுக்கட்டையும் மோதகமும் நீராவிக்கு உரியவை. மூடிய சூட்டில் வெதுப்பும் முறையை எமக்கு அறிமுகப்படுத்தியவர்கள் கடல் கடந்து வந்தவர்களே. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து அதனைப் பறித்தனர். ஆண்டவர்கள் போய்விட்டனர், அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் போகவில்லை. பாண், போறணை, நத்தார் ஆகிய மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து எமக்கு வந்தவை. இன்று இவற்றை அந்நியச் சொற்கள் என யாரும் எண்ணுவதில்லை.

இலங்கையின் நத்தார் கேக் ஐரோப்பியக் கேக்கின் வெறும் பிரதியன்று. அதில் கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை சேர்கின்றது. நீத்துப்பூசணிப் பாகு சேர்கின்றது. கஜு, பிளம்ஸ், ஏலம், கறுவா, கராம்பு, பன்னீர் ஆகியனவும் சேர்கின்றன. ஓர் இறாத்தல் ரவைக்கு இருபது, இருபத்தைந்து முட்டைகளின் மஞ்சட்கருவைக் கேட்கும் பழைய குறிப்புகளும் உண்டு. கத்தோலிக்கர் வீட்டில் செய்த கேக் எண்ணெய்த் தாளில் துண்டு துண்டாகச் சுற்றப்பட்டு அயலிலுள்ள சைவர் வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அத்தட்டம் பலகாரத்தோடு திரும்பி வரும். தட்டத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எம்மிடையே வழக்கமன்று.

தணல் மேலும், தணல் கீழும்

அக்காலத்தில் வீடுகளில் போறணை இருந்ததில்லை. ஊரிலுள்ள பேக்கரியில் பாண் சுட்டு முடிந்தபின் கேக் தட்டுகளைக் கொடுத்து வேகவைத்து எடுப்போர் இருந்தனர். மற்றையோர் பெரிய தாச்சியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் இட்டனர். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. வெப்பமானி கிடையாது. மூக்கில் ஏறும் மணமே மணிக்கூடு.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இந்தக் கைப்பழக்கமே கைகொடுத்தது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் உள்ளிட்ட பொருட்கள் பொருளாதாரத் தடைக்கு உள்ளாயின. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்த காலம் அது. சீனி அரிதானபோது பனங்கட்டி கைகொடுத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது எடுத்துச்செல்ல முடிந்தது கைப்பை அளவே. தாச்சியும் உரலும் இடியப்ப உரலும் வீட்டோடு நின்றன. கைகளில் இருந்த கணக்கு மட்டுமே கூட வந்தது. இன்று செவன் ஹில்ஸ் குசினியில் அம்மம்மா எதனையும் பார்த்து எழுதாமல், கண்ணாலும் விரலாலும் அளப்பதற்குக் காரணம் இதுவே.

அளவு மாறினால் கேக் மாறும்

ஆனால், கைக்கணக்கைக் காப்பாற்றுவது இலகுவன்று. அம்மம்மா சுண்டிலும் கொத்திலும் பேசுகின்றார். நான்கு சுண்டு ஒரு கொத்து. அவருடைய கொப்பியில் இறாத்தலும் அவுன்சும் உள்ளன. ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். பேரப்பிள்ளைக்கோ கிராமும் மில்லிலீற்றருமே தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. அவுஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர் கொள்வது. பிற நாடுகள் பலவற்றில் அது 15 மில்லிலீற்றர் மட்டுமே. இலண்டனிலுள்ள சின்னம்மா தொலைபேசியில் சொன்ன மூன்று கரண்டி சோடா உப்பு இங்கு நான்காகிவிடும். காற்றாடி பூட்டிய மின்போறணையில் குறித்த வெப்பத்திலும் 20 பாகை குறைத்து வைப்பது நன்று. ரவைக் கேக் குறைந்த சூட்டில், ஏறத்தாழ 150 பாகையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக வேகவேண்டியது. அவசரப்பட்டால் மேற்புறம் கருகும், நடு வேகாது.

ஆதலின் ஒரு வழியைக் கூறுகின்றோம். அம்மம்மா தன் கையால் அள்ளட்டும். அள்ளியதைப் பேரப்பிள்ளை தராசில் வைத்து, நிறையைப் பார்த்து எழுதட்டும். "ஒரு கை" என்பது எத்தனை கிராம் என்பது அப்போது தெரியவரும். அதனைத் தமிழில் எழுதினால் ஒரே முயற்சியில் இரண்டு பயன்கள்.

தாத்தாமாருக்கும் ஒரு வார்த்தை. பழைய முறையில் தணல் இட்டுக் காட்ட ஆசைப்படுவது இயல்பே. ஆனால், முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாட்களில் வெளியே விறகோ கரியோ மூட்டுவது இம்மாநிலத்தில் சட்டப்படி குற்றமாகும். வேறொரு நாளைத் தெரிவுசெய்க. அயலவருக்கும் பாடசாலைக்கும் கொடுத்தனுப்பும் போது கேக்கில் கஜுவும் பிராந்தியும் உண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்கவும். பருப்பு வகை ஒவ்வாத பிள்ளைகள் இங்கு பலர்.

குசினியே வகுப்பறை

நாம் நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்றவர்கள். வினைச்சொற்களைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது எத்துணை கடினம் என்பதை அறிவோம். வறுத்தல், பொரித்தல், வதக்குதல், அவித்தல், சுடுதல், வாட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு செயல். வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் விளங்காத இவ்வேறுபாடு, ரவையைப் பொன்னிறம் கொள்ளாமல் வறுக்கும் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். மாவை அரி, சீனியை அடி, கலவையைக் கிண்டு, பருப்பைச் சீவு என்று அம்மம்மா ஏவும் போது பிள்ளை மொழிபெயர்க்க நேரமின்றித் தமிழிலேயே செயற்படுகின்றது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாரத்தில் சில மணி நேரமே. குசினி நாள்தோறும் திறந்திருக்கின்றது.

அம்மம்மா இல்லாத வீடுகள்

இவ்வளவும் கூறும்போது ஒரு துயரத்தை மறைக்க இயலாது. செவன் ஹில்ஸிலுள்ள எல்லா வீடுகளிலும் அம்மம்மா இல்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகேறி வந்தோரில் பலர் தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். பெற்றோரை அழைக்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா உடையோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழியை அரசாங்கம் அறிவித்தது. பாதுகாப்புக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் அவ்வறிவிப்பில் அடங்கவில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கும் முதிய பெற்றோருக்கான குறைந்த கட்டண விசா எட்டாத தூரத்திலேயே உள்ளது. அதற்கான காத்திருப்பை ஏறத்தாழ 30 ஆண்டுகள் எனத் திணைக்களமே மதிப்பிட்டிருக்கின்றது. எழுபது வயது அம்மம்மாவுக்கு அந்த எண்ணின் பொருள் என்ன என்பதை நாம் எழுதிக்காட்டத் தேவையில்லை.

அவ்வீடுகளில் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக் கேக் அடிக்கின்றார்கள். பருத்தித்துறையிலோ மன்னாரிலோ இருக்கும் அம்மம்மா திரையில் நிறத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடி பிள்ளை" என்கின்றார். நிறத்தைப் பார்க்கலாம், மணத்தைப் பார்க்க முடியாது. அந்தக் குறையை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்கவில்லை.

எனவே, அம்மம்மாவோ அப்பம்மாவோ அருகில் இருக்கப்பெற்றவர்கள் தமக்கு வாய்த்த பேற்றை வீணாக்கலாகாது. அண்டை வீட்டில் அம்மம்மா இல்லாத பிள்ளை இருப்பின் அப்பிள்ளையையும் அழைத்து வந்து கிண்டவிடுங்கள். ரவையைக் கிண்டும் கைகளுக்குச் சாதியில்லை, சமயமில்லை, விசா வகையும் இல்லை. இந்த நத்தாருக்குக் கேக் செய்ய இயலாதுபோயின், தைப்பொங்கலுக்குப் பயத்தம் பணியாரம் செய்யலாம், முறை ஒன்றே. கொப்பியும் தராசும் குசினி மேசைக்கு வரட்டும். எழுதப்படாத கணக்கு, எழுதத் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே எழுதப்படட்டும்.