பட்டர்புருட் மரமும் லயத்து ஆடும்

இலங்கையின் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களில் பட்டர்புருட் என்று சொல்லப்படும் ஆனைக்கொய்யா, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மரம். அதன் விதை நஞ்சு என்று கேள்விப்பட்டவர்கள் விதையைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இலைக்கு. பெர்சின் என்ற நஞ்சு விதையில் மட்டுமல்ல, தோல், பட்டை, இலை எல்லாவற்றிலும் இருக்கிறது. நாம் சதையைத் தின்று விதையை எறிந்துவிடுகிறோம். ஆடோ இலையைத் தேடிப் போகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 கிராம் இலை உள்ளே போனால் பால் தரும் ஆட்டின் மடி வீங்கிப் பால் திரிந்துவிடும். 30 கிராம் போனால் இதயமே பாதிக்கப்படும். 30 கிலோ ஆட்டுக்கு அந்த முதல் அளவு 600 கிராம்தான். கவ்வாத்து வெட்டிப் போட்ட கிளைகளில் அது தாராளமாகக் கிடைக்கும்.

“எங்கள் ஆடு எத்தனையோ தடவை தின்றது, ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குவாத்தமாலா வகை இலைதான் கால்நடைகளை அதிகம் வீழ்த்தியிருக்கிறது; மெக்சிக்கோ வகை இலையை அந்நாட்டார் சமையலிலேயே சேர்க்கிறார்கள். ஆனால் இவை தமக்குள் எளிதில் கலப்பவை. விதையிலிருந்து தானாக முளைத்து லயத்தோரம் நிற்கும் மரம் எந்தக் கலப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. நேற்றுத் தப்பிய ஆடு நாளைக்குச் சாட்சியாகாது.

அப்படியானால் மரமே வேண்டாமா? வேண்டும். கொழுப்பும் சத்தும் நிறைந்த இந்தப் பழத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு இழக்கக் கூடாது. ஆட்டைத் தடுக்க ஒரு வேலி போதும். மரத்தின் சொந்த எதிரி வேறு: ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் நீர் தேங்கிய மண்ணில் வேரை அழுகவைக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும் சரிவு திம்புள்ள. மண்ணை மேடாக்கி நட்டு, மேற்புறம் கான் வெட்டி நீரைத் திருப்பிவிட வேண்டும். உதிர்ந்த இலையை அள்ளி ஆட்டுப்பட்டியில் போடாமல், தண்டை ஒட்டாதபடி மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்பலாம்: அது மக்கும்போது பெருகும் நுண்ணுயிர்கள் அந்த அழுகலை அடக்க உதவும். விதையையும் வீணாக்க வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று பொடித்துக் குடிக்கச் சொல்பவர்களை நம்பாமல், கூர்முனை மேலே இருக்கும்படி மண்ணில் வையுங்கள். நல்ல வகையை ஒட்டுவதற்கு அந்த நாற்று உதவும்.