கேள்வி எங்கே போனது?

ஜொகூரில் எழுபதை ஒட்டித் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. சிகாமட் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பாடத்தில் ஒரு சிக்கல் வந்தால், ஒரு காலத்தில் அதை அடுத்த பாடப் பணித்தியக் கூட்டம் வரை மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிடும். சைக்ளோஸ்டைலில் சுற்றிய மாதிரி வினாத்தாளின் மை விரலில் ஒட்டும். அத்தனை பாடுபட்டு வந்தவர் வெட்டிப் பேச்சைத் தேநீர் நேரத்தோடு நிறுத்திக்கொண்டார்.

எழுதும் ஆசை உள்ளவர்களுக்குப் பத்திரிகை இருந்தது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 1950களின் தொடக்கத்தில் கதை வகுப்பு நடத்தியது, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் வாத்தியார்கள். பின்னர் அதே பத்திரிகைக்கு வந்த கு. அழகிரிசாமி எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். தேறாத கதை திரும்பி வரும். அனுப்பியவர் தலைமையாசிரியராக இருந்தாலும் அப்படித்தான்.

'நேசன்' 2019-இல் நின்றது. மறு ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் ஆசிரியர் பேச்சு முழுக்கப் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) குடியேறியது. 2022-இல் குழுவுக்கு 256 பேர் என்ற வரம்பு 512 ஆகி, ஆண்டு முடிவதற்குள் 1024 ஆனது. கூட்டம் பெருத்தது, கேள்வி காணாமற்போனது. திங்கள் காலை ஓர் இளம் ஆசிரியை கேட்கிறார்: “நான்காம் ஆண்டுக் கட்டுரையில் அடைவுநிலை 4-க்கும் 5-க்கும் என்ன வேறுபாடு பார்க்கிறீர்கள்?” அடுத்த நிமிடமே யாருக்கோ பதவி உயர்வு. பூங்கொத்து, கைகூப்பு, ‘வாழ்த்துகள் ஐயா’, மறுபடி பூங்கொத்து. மதியத்துக்குள் கேள்வி திரைக்கு மேலே எங்கோ போய்விடுகிறது. அவர் மீண்டும் கேட்க மாட்டார். இத்தனை பேர் பார்க்கிறார்களே.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தக் கேள்விக்கு இப்போதுதான் மவுசு அதிகம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை புள்ளியிடும் அளவுகோலை மேலிருந்து கொடுத்தார்கள். 2021-இல் அந்தத் தேர்வை ஒழித்த பிறகு, ஆறு அடைவுநிலைகளில் பிள்ளையை எங்கே நிறுத்துவது என்பதில் வகுப்பாசிரியரின் கணிப்புக்கே பெரிய இடம். குளுவாங்கில் 5 வாங்கும் கட்டுரை மாசாயில் 4 வாங்கலாம். இரண்டு ஆசிரியர்களும் ஒரே கட்டுரையைப் படமெடுத்துப் போட்டுப் பேசினால் பத்து நிமிட வேலை.

வழி இல்லாமல் இல்லை. வாழ்த்துக்குத் தனிக் குழு வைக்கலாம். ஆண்டும் தலைப்பும் போடாத கோப்பு வேண்டாம் எனலாம். நிர்வாகி மட்டும் பேசும்படி பூட்டும் வசதி 2018 முதலே இருக்கிறது. ஆனால் பெரியவர் அனுப்பிய காலை வணக்கப் படத்தை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் எப்படி நீக்குவார்? கதை அனுப்பியவருக்குக் கீழே வேலை பார்க்காத அழகிரிசாமிக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதனால் என் யோசனை, நிர்வாகியை வேறு மாவட்டத்திலிருந்து போடுங்கள். குளுவாங் குழுவுக்கு ஒரு மூவார்க்காரர், மூவாருக்கு ஒரு பத்து பகாட்காரர்.