ஜாதகமும் பிறப்புப் பத்திரமும்

வவுனியாவின் நெளுக்குளத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், பெரும்பாலான சைவ வீடுகளில் அதன் பெயருக்கு இரண்டு கடதாசிகள் உண்டாகின்றன. ஒன்று, பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சாத்திரியாரிடம் எழுதுவிக்கும் ஜாதகம். மற்றது, பதிவாளர் எழுதித் தரும் பிறப்புப் பத்திரம். முன்னதற்கு மஞ்சள் பூசிக் கலியாணப் பேச்சு வரும்வரை பெட்டகத்தில் வைத்துக் காக்கிற நாம், பின்னதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் மட்டும் தேடி அலைகிறோம். ஆனால் மனிதர் பிறப்பினால் சமமானவர்களா, பிறப்பு ஒருவருடைய வாழ்வை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது என்ற பழைய வினாவுக்கு இந்நாட்டில் விடை தேடுபவர், கிரகங்களின் கட்டங்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டாவது பத்திரத்தையே நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் துணிபு.

பல்லாண்டுகளாக வழங்கிவந்த அப்பத்திரத்தில், பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, இடம் ஆகியவற்றோடு தந்தையின் இனமும், பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கேள்வியும் உள்ளன. அவற்றுக்கும் கீழே, பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும், தந்தை இங்கே பிறவாமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அந்தப் பூட்டனுடைய விவரமும் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். கண் விழிக்காத சிசுவைப் பார்த்து, உன் பூட்டன் எந்த ஊரில் பிறந்தான் என்று கேட்கிற பத்திரம் இது! தாயின் தகப்பனைப் பற்றியோ அது ஒரு சொல்லும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு அர்த்தம் கொடுத்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். அதன்பின் பிறந்தவருக்கோ தந்தை பிரஜையாயிருத்தல் வேண்டும். தாயின் பிரஜாவுரிமையும் பிள்ளைக்குச் செல்லும் என்று சட்டம் ஒத்துக்கொண்டது 2003ஆம் ஆண்டிலேதான். தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்து, இந்த மண்ணைத் தவிர வேறொரு மண்ணையும் கண்டறியாத ஒருவர், இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தம் முன்னோருடைய பிறப்புக்குச் சாட்சி கொண்டுவர எங்கே போவார்?

அச்சட்டம் 1948 நவம்பர் 15ஆம் திகதி அமுலுக்கு வந்தது. இருபத்தைந்து நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் திகதி, பாரிஸ் மாநகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, மனிதப் பிறவிகள் அனைவரும் சுதந்திரத்தோடும் சமமான மதிப்போடும் பிறக்கின்றனர் என்ற கருத்தை முதலாவது உறுப்புரையாகவும், ஒவ்வொருவருக்கும் ஒரு தேசத்தின் பிரஜாவுரிமை உண்டு என்பதைப் பதினைந்தாவது உறுப்புரையாகவும் வைத்த சர்வதேசப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை அச்சபையில் அங்கத்துவம் பெற்றது 1955இல் என்பதனால் அன்று கைதூக்கும் சங்கடம் நமக்கு நேரவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இந்த மலையகத் தோட்ட ஜனசமூகம், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தோடு வாக்குரிமையையும் இழந்தது. பின்னர் பதிவுமூலம் பிரஜாவுரிமை கேட்டு ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட, 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். எஞ்சியோரைக் குறித்து 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில், 9,75,000 பேர் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பேசலாம் என்று பகிரப்பட்டனர். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் சரிபாதியாக்கினார்கள். முன்வினையும் ஊழும் இதிலே எங்கே இருக்கின்றன? திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த அதே புலவர்தான், உயிர்களின் பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று பெருமை அதிகாரத்திலும் சொன்னார். சட்டம் எழுதிய கைகளை விட்டுவிட்டு விதியின்மேல் பழிபோட அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மலையகத்திலிருந்து இம்மக்களிற் பல்லாயிரவர் வன்னிக்கு வந்ததற்குக் காரணம், எழுபதுகளின் பட்டினியும் 1977 ஆகஸ்டின் இனக்கலவரமுமாம். வவுனியாவைத் தளமாகக் கொண்டு மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் இயக்கம், காடுவெட்டிக் கிணறு தோண்டிக் குடியேறுவதற்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. 1983இல் இருவரும் கைதாகினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் உண்மை பேச வேண்டும். குளத்தின் கீழே உறுதிக் காணி வைத்திருந்த பழங்குடிகள் வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். தங்களுக்குச் சமமாக இருப்பதற்கு எல்லாரும் இடங்கொடுத்தார்கள் என்று சொல்ல என் நா எழவில்லை. தாய்மொழியும் தெய்வமும் ஒன்றாயிருந்தும், ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் நம் வாயிலேதான் பிறந்தது. கலியாணத்துக்கு ஜாதகத்துக்கு முன்னே ஊரையும் பகுதியையும் விசாரிக்கிற வழக்கம் இன்றும் போய்விடவில்லை.

பிறந்த இடம் எப்போதும் தண்டனையாகவே அமையும் என்றுமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமைக்கு நாற்பது வீதம், மாவட்டங்களுக்கு ஐம்பத்தைந்து வீதம், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஐந்து வீதம் என்று வகுத்திருக்கிற முறையினால், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாணவர்களிற் பலர், வசதிமிக்க நகரத்து மாணவரைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளியோடு உட்செல்கின்றனர். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட புள்ளித் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு இழைத்த அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலும், இடப்பெயர்வினால் படிப்புக் குலைந்த வீட்டிலும் வளர்ந்த பிள்ளையை, தனியார் வகுப்புக்கு வாரம் ஐந்து நாள் போகிற பிள்ளையோடு ஒரே தராசில் நிறுப்பதையும் சமத்துவமென்று நான் ஒப்பமாட்டேன். பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது நல்லதே. எனினும் அதன் வாயிலில் நுழைவதற்கு முன்னுள்ள பதின்மூன்று வகுப்புகளில்தான் பிறப்பின் பாரம் பிள்ளைகளை அழுத்துகிறது.

நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டம் முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால். அநீதி எழுதப்பட்டு ஐம்பத்தைந்து வருஷம் கழித்து. ஆனால் யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்தவர்களும், பிறப்பே பதியப்படாதவர்களும் வன்னிக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டைக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்கும் அவர்கள் படுகிற பாடு கொஞ்சமல்ல. பிள்ளை பிறந்த நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிவாளரிடம் இலவசமாகப் பதியலாம். மூன்று மாதம் கடந்தபின் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதிவே அகப்படாத முதியவருக்கு உத்தேச வயதுப் பத்திரம் பெற வழியுண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த தேர்தலுக்கோ பாடசாலை அனுமதிக்கோ காத்திராமல், இந்த மாதமே அவரைக் கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.